ஊர்ப்பெயர் தாங்கிய கற்கள்

வைகையின் வடகரையில் அமைந்த கோரிப்பாளையத்திலிருந்து வடகிழக்கே செல்வோர் முதலில் யானைமலையையும் அதற்கப்பால் அழகர்மலையையும் காண்பர். சமணர் படுக்கைகளையும் தமிழி எழுத்துகளையும் தாங்கி நிற்கும் இக்குன்றுகள் மாந்தர் வரலாற்றின் ஏடுகள். எனினும் உயிரின வரலாற்றை நோக்க, இவை எழுத்துப் பெறாத ஏடுகளே. நிலத்தின் அடியாழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகளாதலின், இவற்றில் சிப்பியோ சங்கோ பதிந்து கிடப்பதில்லை.

மதுரை மண் தராத அந்த ஏட்டைக் காண விழைவோர் திருச்சிராப்பள்ளியைக் கடந்து அரியலூர், பெரம்பலூர் வட்டாரங்களுக்குச் செல்லுதல் வேண்டும். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை, கடல் அங்கு முன்னேறியும் பின்வாங்கியும் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த அம்மோனைட்டு என்னும் உயிரினத்தின் ஓடுகள் கல்லாகிக் கிடக்கும் நிலம் அது. அக்கற்கள் திரட்டப்பட்ட வரலாற்றையும், அவற்றின் அறிவியல் மதிப்பு எதில் அடங்கியுள்ளது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாளக்கிராமமும் அம்மோனைட்டும்

அம்மோனைட்டு தமிழர்க்கு முற்றிலும் புதியதன்று. வைணவர் இல்லங்களில் வழிபடப்பெறும் சாளக்கிராமம் நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைப்பது. அதனுள் காணப்படும் சக்கரம் அம்மோனைட்டின் சுருளே. மேலை நாட்டினரோ ஆட்டுக்கொம்பு போன்ற அதன் வளைவைக் கண்டு, கொம்புடைய எகிப்தியக் கடவுளாகிய அம்மோனின் பெயரை அதற்கு இட்டனர். ஒரே வடிவத்தில் ஒரு நாட்டார் ஆழியையும் மற்றொரு நாட்டார் கொம்பையும் கண்டனர்.

அறிவியல் நோக்கில் அம்மோனைட்டு கணவாய்க்கு உறவான கடலுயிர். அதன் ஓடு பல அறைகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். கடைசி அறையில் உயிர் வாழும். ஏனைய அறைகள் மிதப்பதற்கு உதவும். அறைச் சுவர்கள் புறவோட்டோடு பொருந்துமிடத்தில், இழைக்கோலம் போல் நெளிந்து செல்லும் கோடு ஒன்று உண்டு. அக்கோலம் இனத்துக்கு இனம் வேறுபடுவது; ஓர் ஓட்டை இன்ன இனமென்று அடையாளங்காண அறிஞர்க்குப் பெரிதும் துணைபுரிவது.

திரட்டியோரும் எழுதியோரும்

சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த கேய், கன்லிஃப் என்னும் இருவர் 1840களின் தொடக்கத்தில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லான ஓடுகளைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். அவற்றை ஆராய்ந்து 1846இல் அறிக்கை வெளியிட்டவர் எட்வர்டு ஃபோர்ப்ஸ். தாம் காணாத ஒரு நாட்டின் கற்களுக்கு அவர் அந்நாட்டுத் தெய்வங்களின் பெயர்களையே சூட்டினார். பிரம்மா, விஷ்ணு, சிவா, இந்திரா, சூர்யா, வருணா எனப் பெயர் பெற்ற அம்மோனைட்டுகள் இன்றும் உலக அறிவியல் நூல்களில் அப்பெயர்களாலேயே வழங்குகின்றன. 'பிரமைட்டீஸ் பிரம்மா' என்பது அவற்றுள் ஒன்று.

1850களின் பிற்பகுதியில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் சார்பில் என்றி பிளான்ஃபோர்டு இந்நிலப்பரப்பை முறையாக அளந்தார். பாறை அடுக்குகளை ஊட்டத்தூர்க் குழு, திருச்சிராப்பள்ளிக் குழு, அரியலூர்க் குழு என மூன்றாக அவர் பகுத்த பகுப்பே இன்றளவும் அடிப்படையாக உள்ளது. பிற்காலத்தில் இந்திய வானிலை ஆய்வுத்துறையின் முதல் தலைவராக விளங்கியவரும் இவரே.

திரட்டப்பட்ட ஓடுகளை ஆராயும் பணி மொராவியாவில் 1838இல் பிறந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்காவிடம் வந்தது. 1862இல் கல்கத்தாவுக்கு வந்த அவர், தென்னிந்தியக் கிரெட்டேசியக் கால உயிரினங்களைப் பற்றிய பெருநூலை 1873இல் நிறைவு செய்தார். அடுத்த ஆண்டே, யார்க்கண்டு பயணத்திலிருந்து திரும்பும் வழியில், இமயத்துக்கு அப்பாலுள்ள உயர்நிலத்தில் 36ஆம் அகவையில் இறந்தார். அவருடைய கல்லறை லே நகரில் உள்ளது. 1895 முதல் 1898 வரை வியன்னா அறிஞர் ஃபிரான்சு கோஸ்மாட், வார்த் என்பவர் திரட்டிய தொகுப்பை ஆராய்ந்து, தென்னிந்திய அம்மோனைட்டுகளுக்கும் நேட்டால், யப்பான் முதலிய தொலைநாட்டு அம்மோனைட்டுகளுக்கும் உள்ள உறவை விளக்கினார்.

இவர்களுள் ஃபோர்ப்சும் கோஸ்மாட்டும் ஊட்டத்தூர் ஓடையில் இறங்கியவரல்லர். ஸ்டோலிச்கா எழுதியதும் பெரிதும் பிறர் திரட்டிய கற்களைக் கொண்டே. அவ்வாறு தொலைவிலிருந்தும் எழுத இயன்றது எதனால்? திரட்டியோர் ஒவ்வொரு கல்லோடும் அது கிடைத்த ஊரின் பெயரையும் எழுதி வைத்தமையால். ஸ்டோலிச்காவின் நூலில் இனந்தோறும் கிடைத்த இடம் குறிக்கப்பட்டிருத்தல் காணலாம்.

கல்லின் மதிப்பு

அம்மோனைட்டு இனங்கள் விரைந்து தோன்றி விரைந்து மறைந்தன. அக்காலத்தில் கடல்தோறும் பரவியும் வாழ்ந்தன. ஆதலின் ஓர் இனத்தின் ஓடு கிடைக்கும் அடுக்கு எக்காலத்தது என்று கூற இயலும். ஃபோர்ப்ஸ் 'இந்திரா' எனப் பெயரிட்ட இனம் புதுச்சேரியை அடுத்த வழுதாவூர் அடுக்கிலும் கிடைக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் கனடாவின் மேலைக் கரையிலும் கிடைக்கிறது. எனவே அம்மூன்று நிலங்களின் பாறைகளையும் காலத்தால் இணைத்துக் காண அது வழிசெய்கிறது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரிலிருந்து இந்தியா பிரிந்த வரலாற்றுக்கு இருபுறக் கடல் அடுக்குகளையும் ஒப்பிடுவோர்க்கும் இவ்வோடுகளே துணை. அரியலூர்க் குழுவுக்கு மேலமைந்த நின்னியூர்ச் சுண்ணாம்புப் பாறையில் அம்மோனைட்டு இல்லை. தைனோசர்கள் மறைந்த அதே பேரழிவில் இவ்வினமும் மறைந்ததற்கு அவ்வின்மையே சான்று.

இச்சான்றுகள் அனைத்தும் கல்லின் அழகில் இல்லை. அது கிடந்த அடுக்கில் உள்ளன. கீழடியில் 2015 முதல் நடைபெற்றுவரும் அகழாய்வை அறிந்த மதுரை வாழ்நர்க்கு இது எளிதில் விளங்கும். எழுத்துப் பொறித்த ஒரு பானையோடு எந்தக் குழியில் எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்னும் குறிப்பு இல்லையேல், அது காலம் சொல்லாத வெறும் ஓடாகிவிடும். அம்மோனைட்டும் அத்தகையதே. இடம் அறியப்படாத அரிய ஓட்டைக் காட்டிலும் இடம் அறியப்பட்ட எளிய ஓடு அறிஞர்க்கு மிகுந்த பயன் தரும்.

ஏட்டுச்சுவடிகளின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. புறநானூற்றை 1894இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பாடலோடு திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் ஆகிய குறிப்புகளையும் பதிப்பித்தார். அக்குறிப்புகள் இல்லையெனில் அந்நூலிலிருந்து அரசர்களையும் போர்களையும் நாம் எவ்வாறு அறிவோம்? பாடினோர் பெயர் சிதைந்த பாடல்கள் சுவையில் குறைந்தன அல்ல; ஆயினும் வரலாற்றில் அவற்றுக்கு இருக்கை இல்லை.

ஊரும் பெயரும்

நிலவியலார் பாறை அடுக்குகளுக்கு அவை காணப்படும் ஊர்களின் பெயர்களையே இடுவர். காரை, குளக்காநத்தம், ஆனைப்பாடி, சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என்று அவர்தம் பட்டியல் நீள்கிறது. தமிழ்ச் சிற்றூர்களின் பெயர்கள் உலக ஆய்வேடுகளில் காலத்தின் பெயர்களாக ஒலிக்கின்றன. 1956இல் ரைட் என்னும் அறிஞர் ஓர் அம்மோனைட்டுப் பேரினத்துக்கு 'உடாடூரிசெராஸ்' என்று பெயரிட்டார். அதனுள் ஒளிந்திருப்பது ஊட்டத்தூரே.

இவ்வாறு பெயரிடும் மரபில் ஒரு வேறுபாடும் நேர்ந்தது. 1939இல் சிமெண்டு ஆலை எழுந்தபின் கல்லக்குடி டால்மியாபுரமாயிற்று. பழம்பெயரை மீட்க 1953இல் நிகழ்ந்த போராட்டத்தைத் தமிழுலகம் நன்கறியும். ஊர் தன் பெயரை மீட்டுக்கொண்டது. நிலவியல் நூல்களிலோ அங்குள்ள சுண்ணாம்பு அடுக்கு டால்மியாபுரம் அடுக்கு என்றும் வழங்குகிறது.

ஆலைகளைப் பற்றி நடுநிலையோடு கூறவேண்டியதும் ஒன்றுண்டு. பிளான்ஃபோர்டு கண்டவை ஓடைக்கரைகளும் மழை அரித்த பள்ளங்களுமே. பின்னாளைய ஆய்வாளர் அவர் காணாத அடுக்குகளைக் கண்டது சுண்ணாம்புச் சுரங்கங்கள் ஆழ வெட்டப்பட்டமையால். அதே சுரங்கத்தில் அதே கல் அரைபட்டுச் சிமெண்டாகவும் ஆகிறது. வெட்டுவதற்கும் அரைப்பதற்கும் இடைப்பட்ட குறுகிய பொழுதில் ஒருவர் கண்டு, எடுத்து, இடத்தைக் குறித்து வைத்தாலன்றி அவ்வோடு மீண்டும் கிடைப்பதில்லை.

காப்பதற்கான முயற்சிகள் இல்லாமல் இல்லை. தஞ்சை மாவட்டத்தில் பிறந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் சாத்தனூரில் கண்டறிந்த, 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் பாதுகாக்கப்பட்டுள்ளது. அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் அமைந்துள்ளது. நிலவியல் மரபிடங்களைப் பேணுவதற்கான சட்ட வரைவு ஒன்றை ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் வெளியிட்டது. ஆயினும் காரை ஓடைகளிலும் சுரங்க விளிம்புகளிலும் கிடக்கும் கற்கள் அழகுப் பொருளாக எடுத்துச் செல்லப்படுமாயின், எச்சட்டமும் அவற்றின் இடத்தை மீட்டுத் தர இயலாது.

நிறைவாக

ஃபோர்ப்ஸ் பெயரிட்ட மூல ஓடுகள் பல இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. ஸ்டோலிச்கா எழுதியவை கொல்கத்தாவில் உள்ளன. கல் இடம்பெயர்ந்தது, ஊர்ப்பெயர் உடன் சென்றமையால் அதன் பொருள் கெடவில்லை. இன்று பலருடைய வீடுகளிலும் பள்ளிகளிலும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் அம்மோனைட்டுகளுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் உறுப்பினர் பலர் ஆசிரியர். பலர் ஊர்தோறும் செல்லும் கவிஞர். அரியலூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் சுருள் பதிந்த கல்லொன்றைக் கொணர்ந்து நீட்டின், அதன் அழகை வியக்கும் முன் ஊரையும் ஓடையையும் அது கிடந்த அடுக்கையும் நாளையும் கேட்டு, ஒரு தாளில் எழுதி, அக்கல்லோடு சேர்த்து வைக்கச் செய்தல் வேண்டும். சுரங்க விளிம்பில் இன்னும் எடுக்கப்படாது கிடப்பதைக் கண்டால், அதனைப் பெயர்க்காமல் வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ அருகிலுள்ள கல்லூரி நிலவியல் துறைக்கோ தெரிவித்தல் நன்று.