திருட்டுத் திரை – 6: அசோக் குமார் மீது ஒரு வழக்கு

2004-ல் குண்டர் சட்டத்துக்குள் வீடியோ திருடர்களையும் சேர்த்த கதையைப் போன வாரம் பார்த்தோம். பர்மா பஜாரில் திருட்டு விசிடி விற்றவரை ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம் என்றதும் கோடம்பாக்கம் நிம்மதியாகத் தூங்கப் போனது. விற்கிறவனுக்கு முகம் இருந்தவரை அந்தச் சட்டம் செல்லும். இணையத்தில் ஏற்றுகிறவனை எந்த ஸ்டேஷனுக்கு இழுத்து வருவது?

2011 நவம்பர். கஸ்தூரி ராஜாவின் ஆர்.கே. புரொடக்‌ஷன்ஸ் தயாரித்துக்கொண்டிருந்த '3' படத்தின் பாட்டு ஒன்று முன்கூட்டியே கசிந்துவிட்டது. பழைய ஆட்களாக இருந்தால் கமிஷனர் ஆபீசுக்கு ஓடியிருப்பார்கள். இவர்களோ 16-ம் தேதி யூடியூபில் தாங்களே இலவசமாக ஏற்றிவிட்டார்கள். 'ஒய் திஸ் கொலவெறி டி' அதன்பின் எங்கெல்லாம் போனது என்று சொல்லத் தேவையில்லை. அனிருத்துக்கு அதுதான் முதல் படம்!

படம் வெளியானது 2012 மார்ச் 30-ல். அந்தச் சமயத்தில் அதே கம்பெனி ஹைகோர்ட் படியேறியது, படம் இணையத்தில் பரவக் கூடாது என்று. (பர்மா பஜார் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.) இதைக் கேட்டு நகைப்பவர்களோடு நான் சேரமாட்டேன். பாட்டு விளம்பரம், படம் கடன் வாங்கிப் போட்ட முதல். எதிர்த்தரப்பில் பி.எஸ்.என்.எல். உள்ளிட்ட இணையச் சேவை நிறுவனங்கள். கூடவே, யாரென்றே தெரியாத திருடன். அமெரிக்க நீதிமன்றங்களில் அவன் ஜான் டோ. நம் ஊரில் அசோக் குமார். தடை உத்தரவு கிடைத்தது.

கோளாறு மே மாதம் வெடித்தது. படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேட நிறுவனங்கள் மெனக்கெடவில்லை. வீமியோ, டெய்லிமோஷன், பைரேட் பே என்று தளம் தளமாக இழுத்து மூடின. அந்த பிப்ரவரியில்தான் பாலாஜி மோகன், இணையத்தில் பேர் வாங்கிய தன் குறும்படத்தையே 'காதலில் சொதப்புவது எப்படி' என்று வெள்ளித்திரைக்குக் கொண்டுவந்திருந்தார். வாய்ப்புத் தேடும் இளைஞர்களுக்கு இணையம்தான் விசிட்டிங் கார்டாக இருந்த காலம். சினிமாவைக் காக்கப் போட்ட பூட்டு, சினிமாவுக்கு வர நின்றவர்களின் முகத்துக்கு நேரே விழுந்தது. அனானிமஸ் ஹேக்கர்கள் சுப்ரீம் கோர்ட் தளத்தையே தாக்கினார்கள். ஜூனில் ஹைகோர்ட் விளக்கம் தந்தது: குறிப்பிட்ட பக்க முகவரிகளை மட்டும் முடக்கினால் போதும், தளத்தையே அல்ல.

போலீஸ் பார்த்தாயிற்று, கோர்ட்டும் பார்த்தாயிற்று. அந்த ஆண்டுக் கடைசியில் ஆழ்வார்பேட்டையிலிருந்து மூன்றாவது யோசனை ஒன்று வந்தது. திருடன் வீட்டுக்குள் படத்தைக் கொண்டுபோகிறான் என்றால், நாமே முதலில் கொண்டுபோனால் என்ன? தியேட்டருக்கு வருமுன்பே டிடிஎச்சில் 'விஸ்வரூபம்', கட்டணம் ஆயிரம் ரூபாய் என்றார் கமல்ஹாசன். என் படத்தை எப்படி விற்பது என்பது என் உரிமை என்பது அவர் வாதம்.

தியேட்டர்காரர்கள் கூடிப் பேசினார்கள். அவர்கள் கண்ணில் இப்போது அசோக் குமாரைவிடப் பெரிய ஆபத்து கமல்ஹாசன்தான். வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருக்க, அவர்கள் எடுத்த முடிவு…

(தொடரும்)