இழுவை லாரி

இழுவை லாரி என்பது தன் மேல் சரக்கு ஏற்றாமல், பின்னால் பூட்டிய டிரெய்லரை, அதாவது பின்வண்டியை, இழுத்துச் செல்லும் கனரக ஊர்தி. தொழிலில் இதைப் பிரைம் மூவர் என்றும் ஹார்ஸ் என்றும் அழைப்பர். இழுவையும் பின்வண்டியும் சேர்ந்தது டிரெய்லர் லாரி. திருவள்ளூர் மாவட்டத்தில் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் உள்ள புதுவாயல், இவ்வூர்திகள் இரவும் பகலும் கடக்கும் இடம். பெரியபாளையம் சாலை இங்கே பிரிகிறது. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருட்டாலைகளும், கிழக்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் இருப்பதால், எந்தப் பின்வண்டிக்கு எந்த இழுவை என்ற தேர்வு இவ்வட்டாரத்தில் பிழைப்போடு கலந்தது.

தோற்றம்

பாரம் சுமப்பதையும் இழுப்பதையும் இரண்டாகப் பிரிக்கும் கருத்து மாட்டுவண்டியிலேயே உண்டு. வண்டியோட்டிகள் முன்பாரம், பின்பாரம் பார்த்தே மூட்டை அடுக்கினர். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் கழுத்து புண்ணாகும். பாரத்தில் சிறு பங்கு மட்டும் மாட்டின் மேல் அமர்ந்து, மீதி அச்சில் நிற்க வேண்டும். டிரெய்லர் லாரியின் இலக்கணமும் இதுவே.

குதிரைவண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காக அதன் மேல் வட்டமான இரும்புத் தட்டு ஒன்று கிடைமட்டமாகப் பொருத்தப்பட்டிருந்தது. நான்கு சக்கரங்களுக்கு மேல் இருந்ததால் அதற்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர் வந்தது. இன்று இழுவையின் முதுகில் உள்ள இணைப்புத் தட்டும் அதே பெயரைத் தாங்குகிறது. பின்வண்டியின் அடியில் உள்ள கிங் பின் இதன் வாய்க்குள் நுழைந்து பூட்டிக்கொள்ளும்.

மோட்டார் காலத்து டிரெய்லரின் தொடக்கம் ஓர் உல்லாசப் பயணத்தில் இருக்கிறது. 1914-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் சிப்லி என்ற மரவணிகர், கோடை விடுமுறைக்குத் தம் படகை ஏரிக்கரை வரை கொண்டுசெல்ல விரும்பினார். ஆகஸ்ட் ஃபுரூஹாஃப் என்ற கொல்லர், ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் பூட்டும்படி ஒரு வண்டி செய்துகொடுத்தார். அது நன்றாக ஓடியதைக் கண்ட வணிகர், மரம் ஏற்றவும் அதே அமைப்பில் வண்டி கேட்டார். 1918-இல் ஃபுரூஹாஃப் டிரெய்லர் நிறுவனம் உருவானது. கிளீவ்லாந்தின் அலெக்சாண்டர் வின்டன் அதற்கு முன்பே கார்களை ஏற்றிச் செல்லும் இழுவண்டி ஒன்றைச் செய்திருந்தாலும், டிரெய்லரைத் தொழிலாக வளர்த்த பெருமை கொல்லருக்கே உரியது. 1920களின் இறுதியில் விமான முன்னோடி கிளென் கர்டிஸ் ஐந்தாம் சக்கர வகை இணைப்பில், மக்கள் தங்கிப் பயணிக்கும் வீட்டுவண்டியை உருவாக்கினார். வெளிநாடுகளில் பெரிய வீட்டுவண்டி இழுப்போர் இன்றும் ஐந்தாம் சக்கர இணைப்பையே நாடுகின்றனர்.

தமிழகத்தில்

1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. பிறகு இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு இணைந்து, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. எண்ணூர் ஆலையிலிருந்து வந்த காமெட் லாரி ஒரு தலைமுறையின் உழைப்பாளி. ஹிப்போ இழுவை நீண்ட பின்வண்டிகளை இந்தியச் சாலைகளுக்குப் பழக்கியது. அதே நிறுவனத்தின் டாரஸ் என்ற பல அச்சு லாரி எவ்வளவு ஊன்றியது என்றால், யார் செய்த லாரியாக இருந்தாலும் அந்த வகையை டாரஸ் என்றே தமிழ்நாட்டில் சொல்கிறார்கள்.

1983-இல் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. அதுவே இவ்வட்டாரத்தில் டிரெய்லரின் தேவையைப் பெருக்கியது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும், பின்னர் காட்டுப்பள்ளியும் செயல்படத் தொடங்கின. 2012-இல் ஒரகடத்தில் பாரத்பென்ஸ் ஆலை திறக்கப்பட்டது. கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய்கண்டிகையில் மிஷெலின் நிறுவனம் லாரி டயர்களைச் செய்கிறது.

வகைப்பாடு

இழுவைகள் சக்கர அமைப்பால் வகைப்படும். 4×2 என்றால் நான்கு சக்கர இடங்களில் இரண்டு இயங்கும். 6×2, 6×4 என்பவை மூன்று அச்சு உடையவை. 6×4 வகையில் பின் அச்சுகள் இரண்டுமே தள்ளும். விற்பனைப் பெயர்களிலும் கணக்கு உண்டு. 5525 என்றால் 55 டன் மொத்த எடை, ஏறத்தாழ 250 குதிரைத்திறன்.

சட்ட எடை அச்சைப் பொறுத்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. முன் அச்சுக்கு 6 டன் 7 ஆனது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் 11.5 ஆகவும், இரட்டை அச்சுக்கு 19 டன் 21 ஆகவும், மூன்றச்சுத் தொகுதிக்கு 24 டன் 27 ஆகவும் உயர்ந்தன. மூன்றச்சு இழுவையும் மூன்றச்சுப் பின்வண்டியும் சேர்ந்தால் 7, 21, 27 கூட்டி 55 டன். முன்பு இது 49.

தேர்வு

தேர்வைச் சரக்கிலிருந்து தொடங்க வேண்டும். 40 அடி கன்டெய்னரின் மொத்த எடை வரம்பு பொதுவாக 30.48 டன். 4×2 இழுவை ஏறத்தாழ 7 டன், கன்டெய்னர் பின்வண்டி ஏறத்தாழ 6 டன் என்று கொண்டால் கூட்டுத்தொகை 43.5 டன். 7, 11.5, 27 சேர்ந்த 45.5 டன் வரம்புக்குள் இது அடங்கும். ஆகவே துறைமுகப் பெட்டிக்கு 4×2 போதும். பழைய 40.2 டன் வரம்பில் இது அடங்கியிருக்காது.

இரும்புக்குக் கணக்கு வேறு. கட்டுமானக் கம்பிகள் 12 மீட்டர் நீளத்தில் வருவதால் 40 அடித் தட்டு டிரெய்லரில் சரியாகப் படுக்கும். எடை கூடுதலாக ஏற்ற வேண்டியிருப்பதால் 55 டன் வகையே பொருந்தும். இழுவை 9 டன், பின்வண்டி 7 டன் போக ஏறத்தாழ 39 டன் சரக்கு கிடைக்கும். கம்பிக் கட்டுகளைப் பின்னால் ஒதுக்கி அடுக்கினால் இழுவையின் பின் அச்சு இலேசாகி, ஈரச் சாலையில் சக்கரம் வழுக்கும். முன்னால் குவித்தால் இழுவையின் அச்சு வரம்பு மீறும். மாட்டுவண்டிப் பாடம் இங்கே அப்படியே செல்லும்.

அடுத்தது வழித்தடம். நெல்லூர், விஜயவாடா நோக்கிய சாலை சமவெளி. அங்கே மிதமான குதிரைத்திறனும், எரிபொருள் மிச்சப்படுத்தும் பின் அச்சு விகிதமும் ஏற்றவை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருக்கு முழுப் பாரத்தோடு போகும் வண்டிக்கு இழுவிசையும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் கூடுதலாக வேண்டும். துறைமுக வாயிலில் மணிக்கணக்கில் ஊர்ந்து நிற்கும் வண்டிக்கு கிளட்சே முதலில் தேயும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பிரேக். பின்வண்டிக்குச் செல்லும் காற்றுக் குழாய்கள் இரண்டு. ஒன்று காற்றை நிரப்பும், மற்றொன்று பிரேக்கை இயக்கும். நிரப்பும் குழாய் அறுந்தால் பின்வண்டியின் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். இழுவை நின்று பின்வண்டி நிற்காவிட்டால், அது முன்வண்டியைத் தள்ளிக் குறுக்கே மடக்கிவிடும். பழைய பின்வண்டியைப் புதிய இழுவையில் பூட்டுவோர் முதலில் சோதிக்க வேண்டியது இதையே.

அதிக பாரத்துக்கு 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மிகைச் சரக்கை இறக்கிய பிறகே வண்டி நகர முடியும்.

இன்றைய நிலை

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 மாசு விதிக்கு ஏற்ற எஞ்சின்களும், 2025 முதல் புதிய கனரக லாரிகளில் குளிர்சாதன ஓட்டுநர் அறையும் கட்டாயம். மின்சார இழுவைகளும் வந்துள்ளன.

குதிரைத்திறன் இழுவையின் விலையைக் கூட்டும். அச்சும் பிரேக்குமே அதன் தகுதியை முடிவு செய்யும். வாங்குவோர் பின்வண்டியையும் சரக்கையும் எடைமேடையில் நிறுத்தி, அச்சு அச்சாக எடை பார்த்த பிறகே இழுவையைத் தேர்வது முறை.