சிற்றுருவப் போர் விளையாட்டுகளில் நகர்வு, பாய்ச்சல் விதிகள்

மேசைமேல் சிற்றுருவ வீரர்களை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுகளில், ஒரு படைப்பிரிவு தன் முறையில் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதை நகர்வு விதியும், கைகலப்பில் இறங்க எதிரியை நோக்கி எப்போது, எவ்வளவு தூரம் பாயலாம் என்பதைப் பாய்ச்சல் விதியும் வரையறுக்கின்றன. சதுரங்கத்தில் உள்ள கட்டங்கள் இங்கு இல்லாமல் எல்லாம் அங்குலக் கணக்காக இருப்பதால், எங்கிருந்து எங்கு வரை அளப்பது என்பதே பெரும்பாலான வழக்குகளின் வேர்.

பிரஷ்யப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட போர்ப் பயிற்சி ஆட்டத்தில் இத்தகைய ஐயங்களை நடுவர் தீர்த்துவைத்தார். எச். ஜி. வெல்ஸின் ‘லிட்டில் வார்ஸ்’ (1913) நூலில் காலாட்படைக்கு ஓர் அடி, குதிரைப்படைக்கு இரண்டடி என்ற அளவில் நகர்வு எளிமையாக நின்றது. இன்று நடுவரின்றி இருவரே ஆடுவது வழக்கமாகிவிட்டதால், தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு விதிநூலின் வாசகத்தின்மேல் விழுந்திருக்கிறது.

இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983-இல் தொடங்கிய வார்ஹாமர் ஆட்டத்தில், பாய்ச்சலை அறிவிக்குமுன் தொலைவை அளக்கக் கூடாது என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. 2010-இல் வந்த 8-ஆம் பதிப்பு முன்கூட்டியே அளக்க அனுமதித்து, நகர்வெண்ணுடன் இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையையும் சேர்த்தது. கண்மதிப்பில் தேர்ந்தவருக்கு இது இழப்பே என்றாலும், அரை அங்குலத்துக்காக எழுந்த பல சச்சரவுகள் இதனால் ஓய்ந்தன.

வாசகத்தை ஊன்றிப் படிக்க வேண்டியதன் தேவையை வார்ஹாமர் 40,000 ஆட்டத்தின் 10-ஆம் பதிப்பு (2023) நன்கு காட்டுகிறது. இதில் 12 அங்குலத்துக்குள் உள்ள எதிரியை இலக்காக அறிவித்து இரு பகடைகளை உருட்ட வேண்டும். கிடைக்கும் தொலைவுக்குள், அறிவித்த ஒவ்வோர் இலக்கிற்கும் கிடைமட்டத்தில் 1 அங்குலத்துக்குள் சென்று சேர முடியாவிட்டால் பாய்ச்சல் முழுவதும் தோற்று, படைப்பிரிவு நின்ற இடத்திலேயே நிற்கும். களத்துக்கு வெளியிலிருந்து வந்திறங்கும் பிரிவு பொதுவாக எதிரியிடமிருந்து 9 அங்குலத்துக்கு ‘மேல்’ தள்ளி நிறுத்தப்பட வேண்டும் என்பதால், இடைவெளியை 1 அங்குலமாகக் குறைக்க 8 போதாது, 9 விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 36-இல் 10, அதாவது ஏறத்தாழ 28 விழுக்காடு.

நகர்வை அளக்கும்போது அடித்தட்டின் முன்விளிம்பில் தொடங்கினால் முன்விளிம்பிலேயே முடிக்க வேண்டும். 32 மில்லிமீட்டர் அடித்தட்டில் நிற்கும் வீரனை முன்விளிம்பிலிருந்து அளந்து பின்விளிம்பை அந்தக் குறியில் வைத்தால், அவன் உரிமையில்லாத ஓர் அங்குலத்துக்கும் கூடுதலான தூரத்தைப் பெற்றுவிடுகிறான். இதைத் தவிர்க்கவே தேர்ந்த ஆட்டக்காரர்கள், வீரர்களை நகர்த்துமுன் தம் நோக்கத்தை வாய்விட்டுச் சொல்லி, எதிராளியின் ஒப்புதலுடன் அளவுநாடாவை வைக்கின்றனர்.