தரங்கம்பாடியில் பார்க்க வேண்டியவை: பலகைகள் சொல்லாத வரலாறு

தரங்கம்பாடியில் பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் எல்லோரும் அறிந்ததுதான். நகர வாயில், சீயோன் தேவாலயம், புதிய எருசலேம் தேவாலயம், சீகன்பால்கு சிலை, கடலோரம் டேனிஷ் கோட்டை, அலை அரித்துத் தின்ற மாசிலாமணி நாதர் கோயில். அரை நாளில் பார்த்து முடித்துவிடலாம். நாம் கேட்பது வேறொன்று: இந்தத் துறைமுகத்தின் வரலாற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் எங்கே இருக்கிறார்கள்? பலகைகளில் இல்லை. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் இருக்கிறார்கள்.

கோட்டையிலிருந்து தொடங்குவோம். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு இங்கே வணிகம் செய்ய அனுமதி கொடுத்தார். அந்த ஆண்டே கோட்டை வேலை தொடங்கியது. 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றார்கள். கப்பல் கரையை ஒட்டி நிற்கும் ஆழம் இங்கே கிடையாது. கடலில் தள்ளி நங்கூரம் பாய்ச்சுவார்கள். அலையைத் தாண்டிச் சரக்கைப் படகில் ஏற்றி இறக்கியது உள்ளூர் உழைப்பு. துணியும் மிளகும் பேசப்படும் அளவுக்கு அந்தத் தோள்கள் பேசப்படுவதில்லை.

17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறியது துணி மட்டுமல்ல, மனிதர்களும்தான். பஞ்சம் வந்தபோதெல்லாம் தன்னையும் பிள்ளைகளையும் விற்றுப் பிழைக்கும் நிலைக்கு ஏழைகள் தள்ளப்பட்டார்கள். பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் டச்சுக்காரர்கள் அடிமைகளைப் பத்தேவியாவுக்கு ஏற்றினார்கள். தரங்கம்பாடியிலும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகள் இருந்தார்கள்.

இதற்குச் சான்று தேவாலய வரலாற்றிலேயே இருக்கிறது. சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்திறங்கினார். அடுத்த ஆண்டு மே 12 அன்று அந்த மிஷனின் முதல் திருமுழுக்கு நடந்தது. பெற்றவர்கள் ஐந்து பேர். ஐவரும் ஐரோப்பிய எஜமானர்களின் அடிமைகள். இந்திய புராட்டஸ்டண்ட் சபையின் தொடக்கத்தைப் பேசுகிறவர்கள் சீகன்பால்கைப் பேசுகிறார்கள், அச்சகத்தைப் பேசுகிறார்கள். அந்த ஐவருக்குச் சிலை இல்லை.

இனி 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் தேவாலயத்துக்குள் போவோம். சிலுவை வடிவக் கட்டடம். சீகன்பால்கின் கல்லறை உள்ளேயே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் இந்தச் சபையில் வேளாளர் முதலிய சாதிக் கிறித்தவர்கள் ஒரு பக்கமும் பறையர் கிறித்தவர்கள் இன்னொரு பக்கமும் நடுவே இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். ஒரே வேதம், ஒரே ஜெபம், இரண்டு வரிசை.

இந்த இடத்தில் இராஜநாயக்கன் என்ற பெயரை நாம் நினைவில் வைக்க வேண்டும். பறையர் சமூகத்தில் கத்தோலிக்கராகப் பிறந்து, தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் நற்செய்தி நூல் கைக்குக் கிடைத்து, அதைப் படித்துத்தான் இந்த மிஷனுக்கு வந்தார். படைவேலையை விட்டு உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் நெடுங்காலம் உழைத்தார். ஆனால் அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கவில்லை. அவர் கையால் சாதிக் கிறித்தவர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்பதே தடை. 1733இல் முதல் தமிழ்க் குருவாகப் பட்டம் பெற்றவர் ஆரோன், அவர் வேளாளர்.

இதை வைத்து மிஷனரிகளை ஒட்டுமொத்தமாகத் தூக்கி எறிந்துவிட முடியாது. ஊர் மறுத்த எழுத்தை அவர்கள் கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார்கள். 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார்கள். ஆனால் இராஜநாயக்கன் கையில் புத்தகத்தைக் கொடுத்த அதே துறைமுகம், அவர் கையிலிருந்து அப்பம் வாங்க மறுத்தது. வாசிக்கும் உரிமை வேறு, அதிகாரத்தில் அமரும் உரிமை வேறு என்று சாதி கணக்காகப் பிரித்து வைத்தது.

கதை அங்கே முடியவில்லை. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சையில் சாதிக் கிறித்தவர்கள் பெருமளவில் எதிர்த்தார்கள். பின்னாளில் அவர்களில் பலர், சாதி வழக்கங்களைச் சகித்துக்கொண்ட லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தார்கள். தரங்கம்பாடி மிஷனின் வாரிசும் இந்த லைப்சிக் மிஷன்தான்.

மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சொல்லித்தான் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது, நடக்கவில்லை. சாதி போகவில்லை என்பதற்கு முந்நூறு ஆண்டுச் சான்று தரங்கம்பாடியில் கிடக்கிறது.

ஆகவே மாணவத் தோழர்களே, தரங்கம்பாடிக்குப் போங்கள். கோட்டையைப் பாருங்கள், கடலையும் பாருங்கள். கூடவே இவற்றையும் செய்யுங்கள். கல்லறைகளில் யாருடைய பெயர்கள் இருக்கின்றன, யாருடையவை இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். மிஷனரிகள் ஹாலேவுக்கு எழுதி அனுப்பிய அறிக்கைகளில் உபதேசியார்களின் பெயர்களைத் தேடுங்கள். பக்கத்துச் சேரிகளில் மூத்தவர்களிடம் உட்கார்ந்து, கோயிலில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாரை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள். தகுதி கேட்டு நாம் வைக்கும் வழக்குக்கு அந்த நோட்டும் ஒரு சாட்சி.