வீடு ஓர் ஊரில், பேஸ் ஓர் ஊரில்

பிலாஸ்பூரில் இருந்த இரண்டு வருடமும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது அரை நாள்தான். மகள் பத்தாம் வகுப்பு என்பதால் குடும்பம் நாக்பூரிலேயே இருந்தது. ஞாயிறு ராத்திரி தங்கமணி கட்டிக் கொடுத்த புளியோதரையோடு ரயில் ஏறினால் விடியற்காலை பிலாஸ்பூர். 400 கிலோமீட்டர் சொச்சம். ரூமுக்குப் போய்க் குளித்துவிட்டு, பத்து மணிக்குக் கிளையில் சாவியோடு நிற்க வேண்டும்.

அப்படி ஒரு திங்கட்கிழமை, 45,000 ரூபாய் கொடுக்க வேண்டிய வவுச்சரை 54,000 என்று பாஸ் செய்துவிட்டேன். சாயங்காலம் கேஷில் 9,000 அதிகமாக நின்றது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார், இது பி.காம். பாடம். அரை மணியில் பிடித்துச் சரி செய்தாயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதே திங்கட்கிழமைத் தூக்கத்தோடு ஒருவர் விமானம் ஓட்டினால்? அமெரிக்காவின் சின்ன விமான நிறுவனங்களில் இது பல வருடங்களாக நடந்துகொண்டிருந்த விஷயம். எனக்கு விபத்து அறிக்கைகள் படிக்கும் ஒரு விநோதப் பழக்கம் உண்டு (ஆடிட் ரிப்போர்ட் படித்துப் பழகியவனுக்கு இது சுலபம்). அப்படிப் படித்ததுதான் இந்தக் கதை.

முதலில் பேஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். விமானிக்கு நிறுவனம் ஓர் ஊரை ஒதுக்கும். அவருடைய டூட்டி அந்த ஊரில் தொடங்கி அங்கேயே முடியும். அதுதான் பேஸ், டொமிசைல் என்றும் சொல்வார்கள். ஆனால் அங்கேதான் குடியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேறு நிறுவன விமானத்தில்கூட, காலி இருக்கையிலோ காக்பிட்டில் உள்ள மடக்கு இருக்கையிலோ இலவசமாக ஏறிக்கொண்டு வரலாம். ஜம்ப்சீட் என்று பெயர். காசு கொடுத்த பயணி வந்துவிட்டால் காலி இருக்கை போச்சு. அதனால் இரண்டு விமானம் முன்னதாகவே கிளம்ப வேண்டும். இந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. டூட்டிக் கணக்கிலும் வராது.

நம் வங்கியில் டிரான்ஸ்ஃபர் போட்டால் எவ்வளவு திட்டினாலும் சாமான் ஏற்றும் செலவு, லீஸ் வீடு என்று ஏதோ ஒன்று கணக்கில் வரும். தூரத்துக்கு ஒரு விலை உண்டு, அதை நிறுவனம் கொடுக்கிறது. அங்கே அந்த விலையை ஆளே கொடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏன் அப்படி ஆனது? 1978 வரை அமெரிக்காவில் எந்த நிறுவனம் எந்தத் தடத்தில் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதை சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு என்ற அரசு வாரியம் முடிவு செய்தது. தடங்கள் சுலபத்தில் மாறாது, பேஸும் சுலபத்தில் மாறாது. 1978 அக்டோபர் 24 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தது. பெரிய நிறுவனங்கள் ஒரு சில நகரங்களை மையமாக வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து ஆட்களை அங்கே கொண்டுவந்து சேர்க்கும் வேலையைச் சின்ன நிறுவனங்களுக்குக் கொடுத்தன. இந்தச் சின்ன நிறுவனங்களுக்கு அப்போது கம்யூட்டர் ஏர்லைன் என்றே பெயர். பின்னால் ரீஜனல் ஏர்லைன் ஆனது. பெயரில் இருந்த கம்யூட்டர் போய், விமானியே கம்யூட்டர் ஆனார்!

இந்த ஒப்பந்தத்தைத்தான் கவனிக்க வேண்டும். டிக்கெட் விற்பது, கட்டணம் வைப்பது, நேரம் குறிப்பது எல்லாம் பெரிய நிறுவனம். விமானத்தின் மேல் பூசிய பெயரும் அவர்களுடையதே. சின்ன நிறுவனம் விமானத்தையும் ஆட்களையும் கொடுத்துவிட்டு, பறந்ததற்குக் குறிப்பிட்ட தொகை வாங்கிக்கொள்ளும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் எரிபொருள் செலவும் பெரியவர் தலையில். வரவு இப்படி நிர்ணயமாகிவிட்டால் லாபம் எங்கிருந்து வரும்? செலவைக் குறைப்பதிலிருந்துதான். அதில் கை வைக்கக்கூடிய செலவு சம்பளம்.

இரண்டாவது, பெரியவர் மனம் மாறினால் பேஸ் மாறும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2001ல் டிடபிள்யூஏவை வாங்கியது, 2003ல் செயின்ட் லூயிஸ் மையத்தைச் சுருக்கியது. யுஎஸ் ஏர்வேஸ் 2004ல் பிட்ஸ்பர்க் மையத்தைக் கைவிட்டது. சின்சினாட்டியில் 1977ல் தொடங்கிய கோம்ஏர், டெல்டாவின் கைக்குப் போய், 2001ல் விமானிகள் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து, கடைசியில் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. இந்த ஊர்களில் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருந்தவர்கள் என்ன செய்வார்கள்? வேறு நிறுவனத்துக்குப் போகலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சீனியாரிட்டி இடிக்கிறது. எந்தப் பேஸ், எந்த விமானம், எந்த நாள் லீவு, எல்லாம் பட்டியலில் உள்ள வரிசை எண்படிதான். பதினைந்து வருட கேப்டனும் புது நிறுவனத்தில் கடைசி ஆள், கடைசிச் சம்பளம். ஆகவே வீட்டையும் மாற்றாமல் வேலையையும் மாற்றாமல், நடுவில் உள்ள தூரத்தை உடம்பால் கடந்தார்கள்.

இதற்கென்று ஒரு தனி உலகமே இருந்தது. பேஸ் உள்ள ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து எடுக்கும் வாடகை வீட்டுக்குக் கிராஷ் பேட் என்று பெயர். ஒருவர் எழுந்து போனால் அடுத்தவர் அதே கட்டிலில். நியூயார்க்கில் கியூ கார்டன்ஸ் என்ற பகுதியில் இந்த ஆட்கள் நிறைந்துபோய் அதை க்ரூ கார்டன்ஸ் என்றே கூப்பிட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தின் ஒரு பார்க்கிங்கில் விமானிகளும் மெக்கானிக்குகளும் வண்டி வீடுகளை நிறுத்தி ஒரு காலனியே நடத்தினார்கள். நம் பேச்சிலர் மேன்ஷன் ஞாபகம் வருகிறது. ஆனால் மேன்ஷன்வாசி மறுநாள் 70 பேரை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

இப்போது 2009 பிப்ரவரிக்கு வருகிறேன். கோல்கன் ஏர் என்ற நிறுவனம் கான்டினென்டல் பெயரில் நியூவார்க்கிலிருந்து கியூ400 விமானங்களை ஓட்டியது. அங்கே பேஸ் இருந்த 137 விமானிகளில் 93 பேர் வெளியூரிலிருந்து வந்துபோனவர்கள். 49 பேருக்கு 400 மைலுக்கு மேல். அதிலும் 29 பேருக்கு 1,000 மைலுக்கு மேல். நியூவார்க் வட்டாரத்து வாடகை அப்படி, சம்பளம் இப்படி. முதல் வருடத் துணை விமானிக்கு வருடம் 16,000 டாலர் என்று விசாரணையில் பேச்சு வந்தது, நிறுவனம் பிறகு 20,000க்கு மேல் என்று திருத்தியது. எப்படிப் பார்த்தாலும் அந்த ஊருக்குப் பற்றாது.

24 வயதுத் துணை விமானி சியாட்டில் பக்கம் பெற்றோர் வீட்டில் இருந்தவர். நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரை. 11ஆம் தேதி மாலை ஃபெடெக்ஸ் சரக்கு விமானத்தில் ஏறி, மெம்ஃபிஸில் இன்னொன்று மாறி, 12ஆம் தேதி காலை ஆறரை மணி சுமாருக்கு நியூவார்க் வந்தார். ஊழியர் அறையில்தான் ஓய்வு. கேப்டன் ஃப்ளோரிடாவில் டாம்பா பக்கத்து ஆள். அவருக்கும் முந்தைய இரவு அதே அறைதான். விடியற்காலை 3:10க்கு அவர் கம்பெனி கம்ப்யூட்டரில் லாகின் செய்திருந்தது பதிவில் இருக்கிறது. அந்த அறையில் ராத்தங்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி!

துணை விமானிக்கு ஜலதோஷம் வேறு. வீட்டில் இருந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன், இப்போது லீவு சொன்னால் ஓட்டலுக்கு நானே கொடுக்க வேண்டும் என்ற பொருளில் அவர் பேசியது காக்பிட் ஒலிப்பதிவில் உள்ளது. இந்த இடத்தில் அறிக்கையை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மேலே படித்தேன்.

இரவு 9:18க்குக் கிளம்பிய விமானம் 10:17க்கு பஃபலோ அருகே ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்ததை இருவரும் கவனிக்கவில்லை. எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்தபோது மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதில் கேப்டன் மேலே இழுத்தார். 2010 பிப்ரவரியில் விபத்து வாரியம் சொன்ன காரணம் இது. சோர்வு இருவரையும் பாதித்திருக்கலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றும் எழுதினார்கள். வாரியத் தலைவர் டெபோரா ஹெர்ஸ்மன் சோர்வையும் காரணங்களில் சேர்க்க வேண்டும் என்றார். பெரும்பான்மை ஏற்கவில்லை. தூங்கியிருந்தால் சரியாகத் தள்ளியிருப்பாரா என்பது யாராலும் டேலி செய்ய முடியாத கணக்கு.

இறந்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனில் நடையாய் நடந்தன. 2010 ஆகஸ்ட் 1 அன்று சட்டம் வந்தது. 2013லிருந்து துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு வேண்டும். 2014 ஜனவரி 4லிருந்து டூட்டிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தடையில்லாமல் தூங்க வாய்ப்பு. எல்லாம் நல்லது. ஆனால் வீட்டுக்கும் பேஸுக்கும் இடையிலான தூரம்? அதை ஆராயச் சொல்லியும் அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 2011ல் வந்த ஆய்வு, விதி போடும் அளவுக்குத் தரவு இல்லை என்றது. அதோடு சரி.

கோல்கன் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. விமானிகளுக்குத் தட்டுப்பாடு வந்த பிறகுதான் சம்பளம் ஏறியது. 2022ல் அமெரிக்கன் குழுமத்தின் என்வாய், பீட்மான்ட் நிறுவனங்கள் புதுத் துணை விமானிக்கே மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. கிராஷ் பேட்கள் அதற்குப் பிறகும் போகவில்லை, சீனியாரிட்டியும் போகவில்லை.

2014 விதியில் இன்னொன்று சேர்ந்தது. ஒவ்வொரு விமானத்துக்கு முன்னும், இதை ஓட்டத் தகுதியான நிலையில் இருக்கிறேன் என்று விமானி உறுதி சொல்ல வேண்டும். ராத்திரி எங்கே படுத்தார், எத்தனை விமானம் மாறி வந்தார் என்று அதில் கேள்வி இல்லை.