ஷெஃபீல்டில் எழுந்த வினா

மூளையின் உள்ளறைகளில் ஊறும் நீர் வடிய வழியின்றித் தேங்கினால், பச்சிளங்குழந்தையின் தலை நாளுக்கு நாள் பெருக்கும். இந்நோயோடும் முதுகெலும்புப் பிளவோடும் 1955 நவம்பரில் அமெரிக்காவில் ஓர் ஆண்மகவு பிறந்தது. தந்தை ஜான் ஹோல்டர் ஓர் இயந்திரத் தொழிலாளி. அறுவை மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸிடம் இடர்ப்பாட்டைக் கேட்டறிந்து, நீரை ஒரே திசையில் செலுத்தும் சிலிக்கோன் வால்வு ஒன்றைத் தம் கையாலேயே உருவாக்கினார். 1956-ல் அது பயனுக்கு வந்தது. அவர் மகனோ ஐந்து வயதில் மரித்தான்.

மூளைநீரைக் கழுத்துச் சிரையின் வழியே இருதயத்திற்கு வடிக்கும் இந்த ஷண்ட், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர மருத்துவர்களுக்குப் பெரும் ஊக்கமளித்தது. முதுகெலும்புப் பிளவோடு பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் தாமதமின்றிச் சிகிச்சை அளிப்பதே அவர்கள் கொள்கையாயிற்று. ஆனால் குழாய் அடைபட்டது, கிருமி புகுந்தது, குழந்தை வளர வளரக் குழாய் நீளம் போதாமற்போயிற்று. இன்றுங்கூடக் குழந்தைகளின் ஷண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதலாண்டிலேயே பழுதுறுகின்றன. ஒரே பிள்ளை பன்முறை அறுவைக்கு உட்படுவதை மருத்துவமனைகளுக்குச் செல்லும் ஆயர்கள் கண்டிருப்பர்.

அக்கொள்கையை முன்னின்று நடத்தியவருள் ஒருவரான ஜான் லார்பரே 1971-ல் அதைக் கைவிட்டார். 524 குழந்தைகளின் வரலாற்றை ஆராய்ந்த அவர், கடும் வாதம், முதுகுக் கூனல், பிறப்பிலேயே மிகப் பெருத்த தலை ஆகியவை உடையோருக்கு அறுவை வேண்டாம் என்றார். பிழைத்தோர் பட்ட துன்பத்தைக் கண்டே அவர் இம்முடிவுக்கு வந்தார். அவரைக் கல்நெஞ்சர் எனல் நேர்மையன்று.

எனினும் அவருடைய சக மருத்துவர் ராபர்ட் ஸக்கரி இதை வன்மையாக மறுத்தார். ஸக்கரி தாமே முதுகு வளைந்தவர் என்பதை நாம் மறத்தலாகாது. சிகிச்சை மறுக்கப்பட்ட சிசுக்கள் தாமாக இறக்கவில்லை, தூக்க மருந்தினால் பால் கேட்டு அழவும் இயலாது இறக்கின்றன என்று அவர் 1977-ல் சுட்டிக்காட்டினார். "சிகிச்சை செய்யாதிருத்தல்" என்னும் சொல்லை நம் அறநெறி வகுப்புகளில் எளிதாகக் கையாளுகிறோம். அச்சொல்லுக்குள் ஒரு மருந்துப்புட்டியும் இருந்ததென்பதே ஸக்கரியின் வாதம்.

1980-ல் லார்பரைப் பற்றி வேறொரு செய்தி அறிவியல் இதழொன்றில் வெளிவந்தது. சற்றே பெரிய தலையுடைய ஒரு பல்கலைக்கழக மாணவரை அவர் பரிசோதித்தபோது, மண்டையோட்டினுள் பெரும்பகுதி நீரே நிறைந்திருந்தது. மூளைப் பொருளின் அளவைக் குறித்து மற்ற மருத்துவர்கள் ஐயம் எழுப்பினர். அம்மாணவர் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவர்.