குறண்டிப் பள்ளியின் துண்டுகள்

வீட்டில் எடுத்த படத்தைத் துண்டுகளாக்கிக் குலைத்து இணையத்தில் போட்டு, யார் சேர்க்கிறார்கள் பார்ப்போம் என்று காத்திருப்பது இன்று பலருக்கும் பிடித்த விளையாட்டு. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி நிலப்படங்களைப் பலகையில் ஒட்டி, நாடு நாடாக அறுத்து விற்றதிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது என்பார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியிலும் இப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது, கற்களைக் கொண்டு. குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, வேறு வேறு ஊர்களில் கிடந்த துண்டுகளைப் படியெடுத்துப் பொதுவில் வைத்ததால் கிடைத்தது. துண்டைப் பகிர்வதே இங்கே பாதி ஆய்வு என்பது என் கருத்து.

குறண்டி காரியாபட்டிப் பக்கத்து ஊர். கல்வெட்டுகள் அதை வெண்புநாட்டில் வைக்கின்றன. மதுரையை அடுத்த கீழக்குயில்குடிச் சமணர்மலையில், தீர்த்தங்கரர் திருமேனிகளுக்குக் கீழே வட்டெழுத்தில் சில வரிகள் உண்டு. செய்வித்தவர் குறண்டி அட்டோபவாசி படாரரின் மாணாக்கர் வழியில் வந்தவர் என்று அவை சொல்கின்றன. முத்துப்பட்டியிலும் அதே ஆசிரியர் பெயர் வருகிறது. தனித்தனியே பார்த்தால் இவை யாரோ சில துறவிகளின் பெயர்கள். அடுத்தடுத்து வைத்துப் படித்தால், கரிசல் காட்டில் இருந்த ஒரு பள்ளி மதுரை மலைகள் வரை மாணவர்களை அனுப்பியது தெரிகிறது. இனி, திருச்சுழியை ஒட்டிய பள்ளிமடம். அங்குள்ள காளைநாதசுவாமி கோயில், சுந்தரபாண்டியன் பெயரால் எழுந்த பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பிய கோயில். அந்தச் சிவன் கோயில் கல்லில் திருக்காட்டாம்பள்ளிக்குக் கொடுத்த தானம் பேசப்படுகிறது. தானம் பெற்ற இடம் ஒன்று, கல் இருக்கும் இடம் வேறு. கல் பெயர்ந்து வந்தது என்று கொண்டால்தான் இரண்டும் பொருந்துகின்றன.

இந்தத் துண்டுகளை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தவை மைப்படிகள், அதாவது கல்லின் எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுத்த படிகள். 1886-இல் ஹுல்ஷ் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளரானார். அதன்பின் ஆண்டறிக்கைகள் வரத் தொடங்கின; பாண்டியர் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 14ஆம் தொகுதியாக அச்சேறின. மலையேறாதவரும் கற்களை ஒப்பிடலாம் என்றானது. இன்று கைப்பேசிப் படம் அதே வேலையை இன்னும் விரைவாகச் செய்கிறது.

ஆர்வலர்கள் தப்பாகப் படித்துத் தப்பாகச் சேர்ப்பார்களே என்று கேட்பார்கள். உண்மைதான், வட்டெழுத்தில் பழகிய கண்ணுக்கே தடுமாற்றம் வரும். ஆனால் படம் கூடவே இருந்தால் தப்பை அடுத்தவர் திருத்த வழியுண்டு. படமில்லாமல் வாசிப்பு மட்டும் வந்தால் யாரும் சரிபார்க்க முடியாது. இதைவிடக் கனமான தடை ஒன்று உண்டு. விளையாட்டுப் புதிரை வெட்டியவருக்கு முழுப்படம் தெரியும். குறண்டிக்கு அப்படி ஒருவர் இல்லை, எத்தனை துண்டுகள் தொலைந்தன என்ற கணக்கும் இல்லை. இதை நான் முழுதாக ஏற்கிறேன். அதனால்தான் பள்ளிமடத்துக் கல்லை வைத்துச் சமயப் பகையால் இடித்தார்கள் என்று உடனே கதை கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. பாழடைந்த கட்டடத்தின் கல்லைத் திருப்பணிக்கு எடுப்பது தமிழ்நாடெங்கும் நடந்திருக்கிறது. மலை அருகிய கரிசலில் செதுக்கிய கல் எளிதில் விடக்கூடிய பொருளும் அல்ல. கல் இடம் மாறியதைக் கல்லே காட்டுகிறது. ஏன் மாறியது என்பதற்கு அதில் எழுத்து இல்லை.

ஆகவே படம் எடுப்பவர்கள் அழகான சிற்பத்தோடு நின்றுவிடாமல், உடைந்த ஓரத்தையும் எடுக்க வேண்டும். எந்த ஊர், எந்தச் சுவர், எத்தனையாவது வரிசை என்று குறித்தும் போட வேண்டும். குறண்டி என்ற ஒரு சொல் எஞ்சிய துண்டுகூட, ஊர்க் குறிப்போடு வந்தால், சமணர்மலைத் துறவிகளின் வரிசையில் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.